புத்தளம் கரையில் ராப் கேட்கும் பிள்ளைகள்

உடப்பில் கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிறு பிடித்து நிற்கும் மற்றவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். இழுவைதான் தாளம். இதே மாவட்டத்துச் சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் மாஞ்ச பாடுகிறார்கள். கிரியோல் போர்த்துக்கேயச் சொற்கள். பாடுபவர்களில் பலருக்கே இன்று அதன் அர்த்தம் முழுதாகத் தெரியாது. ஆகவே ராப் இந்தக் கரைக்குப் புதிதல்ல என்று எழுதிவிட ஆசை வருகிறது. ஆனால் இங்குள்ள பிள்ளைகள் ராப்பை அம்பாவிலிருந்தோ மாஞ்சவிலிருந்தோ எடுக்கவில்லை. போனிலிருந்து எடுத்தார்கள்.

1973இல் நியூயோர்க்கின் பிரொங்ஸில் கறுப்பின இளைஞர்களின் விருந்தொன்றில் தொடங்கிய இசை, என் தலைமுறையின் காதுக்கு சினிமா வழியாகத்தான் வந்தது. 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'. அது எங்களுக்கு வேடிக்கை, ஆட்டம். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ராவின் 'வல்லவன்' வந்தபோதுதான் படம் இல்லாமலும் தமிழில் ராப் நிற்கும் என்று தெரிந்தது. சீடியைப் பிரதி எடுத்து, பிறகு புளூடூத்தில் போனுக்குப் போன் மாற்றிக் கேட்டோம். அதே காலத்தில் இலங்கையில் கிரிஷான் மகேசன் சிங்களக் கலைஞர்களோடு ஒரே பாட்டில் தமிழில் ராப் பாடினார். சமாதான காலத்தின் மிச்ச நம்பிக்கை அதில் ஒட்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. 2013இல் தினேஷ் கனகரத்தினம் 'கடல்' படத்தில் 'மகுடி' பாடியபோது, எங்கள் ஆள் ரஹ்மானிடம் போய்விட்டார் என்பதே பெரிய பேச்சு. என்ன பாடினார் என்று யாரும் கேட்கவில்லை.

போரைப் பற்றிப் பேசியவர் மாயா என்கிற எம்.ஐ.ஏ. 2005இல் வந்த முதல் அல்பத்துக்கு, தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே வைத்தார். ஆனால் அது ஆங்கிலத்தில், மேற்கு நாட்டுக் காதுகளுக்காக வந்தது. இங்கே அவரைப் பற்றிய செய்திகளை வாசித்தவர்கள் அதிகம், பாட்டைக் கேட்டவர்கள் குறைவு.

உண்மையான மாற்றம் அதற்குப் பிறகுதான். 2018இல் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. 2021இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பாட்டியின் கதையை ராப்பில் சொல்லலாம், அதை உலகமே கேட்கும் என்பதை அந்தப் பாட்டு காட்டியது. கனடாவில் ஷான் வின்சன்ட் டி போல் மிருதங்கத்தோடு ராப் பாடுகிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து இடம்பெயர்ந்த வாழ்க்கை அவரது பாட்டுக்குள் வருகிறது. எங்களுக்கு ராப் ஒரு ஸ்டைல். இன்றைய பிள்ளைகளுக்கு அது சாட்சியம் சொல்லும் இடமாகவும் ஆகியிருக்கிறது.

ஆனால் யாருடைய சாட்சியம்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தக் கரைக்குத்தான்: கற்பிட்டி, ஆலங்குடா, பாலாவி. கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று யூடியூப்பில் இலவச பீட் எடுத்து, போனில் குரல் பதிந்து, டிக்டொக்கில் போடும் வயதில் இருக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் பற்றிய ராப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உம்மும்மா வீட்டைப் பூட்டிய சாவியோடு புத்தளம் வந்த கதையை ராப்பாக ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர்கள் பாடுவது பெரும்பாலும் காதல், மச்சான், பைக். அதுவும் சென்னைத் தமிழில். வீட்டில் பேசும் தமிழ் மைக் முன்னால் வருவதில்லை.

சில வீடுகளில் பாட்டே கூடாது என்பார்கள். அது ஒரு காரணம், ஆனால் சிறியது. பெரிய காரணத்துக்கு ஒரு பெயர் உண்டு: அஹ்னாப் ஜசீம். புத்தளத்தில் ஆசிரியராக இருந்த மன்னார் இளைஞர். 2017இல் வெளியிட்ட 'நவரசம்' கவிதை நூலைக் காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுசெய்தார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் இருப்பதைத் தமிழில் வாசித்தவர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது 2023 டிசம்பரில். அச்சடித்த கவிதைக்கே இப்படியென்றால், கோபத்தையே தாளமாகக் கொண்ட ஒரு வடிவத்தில் ஊர்ப்பெயர் சொல்லிப் பாட எந்த உம்மா மகனை விடுவார்?

இன்னொரு காரணம் எங்கள் பக்கம் இருக்கிறது. அரசை நோக்கிப் பாடினால் தமிழ்ச் சமூகம் பகிரும், கைதட்டும். 1990ஐப் பாடினால் அதே ஆட்கள் கருத்துப் பெட்டியில் என்ன எழுதுவார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். "இப்ப எதுக்கு இதை கிளறுறாய்" என்பதே அதில் மென்மையான பதிலாக இருக்கும். முள்ளிவாய்க்காலை மறக்கச் சொல்பவர்களிடம் நாம் கொள்ளும் கோபம் அந்த இடத்தில் காணாமல் போய்விடுகிறது.

பாடுவதற்கு 1990 மட்டும்தான் இருக்கிறது என்பதல்ல. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரித் தூசு இருக்கிறது. கொழும்புக் குப்பையை அருவாக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளம் மாதக்கணக்கில் தெருவில் நின்ற வரலாறு இருக்கிறது. அந்தப் போராட்டத்தில் முஸ்லிம், தமிழர், சிங்களவர் மூவரும் நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பதின்ம வயதில் நின்ற பிள்ளைகளுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. கையில் போன் இருக்கிறது, பீட் இலவசம்.