இன்று இரவு செல்போனை அணைக்க வேண்டுமா? ‘காஸ்மிக் கதிர்’ ஃபார்வேர்டும் ஊட்டி சொல்லும் உண்மையும்

இன்று இரவு 12.30 மணியில் இருந்து 3.30 மணி வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு ரொம்ப பக்கத்தில் போகுது, போனை ஆஃப் பண்ணி தள்ளி வைங்க... இந்த வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். நாசா சொன்னது என்று ஒரு வரி, டிவியில் வந்தது என்று இன்னொரு வரி. தேதி மட்டும் இருக்காது. அதனால்தான் பல வருஷமாக இந்த ‘இன்று இரவு’ முடியவே மாட்டேங்குது.

மெசேஜ் பொய். ஆனால் காஸ்மிக் கதிர்கள் பொய்யில்லை. இதைப் படிக்கும் இந்த நொடியில்கூட அதன் துகள்கள் உங்கள் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போகின்றன. நொடிக்குச் சராசரியாக ஒன்று.

காஸ்மிக் கதிர் என்றால் என்ன?

பெயர்தான் கதிர். உண்மையில் இவை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகப் பாயும் துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள். 1912-ல் ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி சுமார் 5 கிலோமீட்டர் உயரம் வரை போய் அளந்து பார்த்தார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு அதிகமானது. அப்படியென்றால் இது தரையில் இருந்து வரவில்லை, வானத்தில் இருந்து வருகிறது என்று தெரிந்தது. அதற்காக அவருக்கு 1936-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

எங்கிருந்து வருது? சூரியனில் இருந்தும் கொஞ்சம் வரும். அதிக ஆற்றல் உள்ளவை நம் பால்வீதியில் பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறிய இடங்களில் இருந்து வருவதாகக் கருதப்படுகிறது. நம்ம சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே, அதுவும் இப்படி வெடிக்குமா? வெடிக்காது. சூரியனைப் போல சுமார் 8 மடங்கு நிறையாவது இருந்தால்தான் அந்த முடிவு.

இந்தத் துகள்கள் பல திசைகளில் வளைந்து நெளிந்து, லட்சக்கணக்கான ஆண்டுகள் அலைந்துதான் இங்கே வந்து சேர்கின்றன. அதற்கு இரவு 12.30 மணி என்று டைம் டேபிள் போட முடியாது.

ஊட்டியில் பதிவான அந்த 2 மணி நேரம்

இதை அளக்கும் பெரிய கருவி நம்ம ஊட்டியிலேயே இருக்கு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘கிரேப்ஸ்-3’. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களை அது எண்ணுகிறது. நாள் ஒன்றுக்கு சுமார் 400 கோடி!

2015 ஜூன் 22 அன்று அந்தக் கணக்கு திடீரென எகிறியது. 2 மணி நேரம் நீடித்தது. காரணம், சூரியன் வீசி எறிந்த காந்தப் பிளாஸ்மா மேகம் ஒன்று பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதியதுதான். நமக்குக் குடை மாதிரி இருக்கும் அந்தக் காந்தப்புலம் கொஞ்ச நேரம் பலவீனமாகி, வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் துகள்களும் உள்ளே நுழைந்துவிட்டன.

அதாவது, ஃபார்வேர்டு மெசேஜ் பயமுறுத்தும் விஷயம் கிட்டத்தட்ட நிஜமாகவே நடந்த நாள் அது. அப்போதும் நம் போன்கள் வழக்கம்போலத்தான் வேலை செய்தன. 2016-ல் ஆய்வுக் கட்டுரை வெளியான பிறகுதான் பொதுமக்களுக்கு விஷயமே தெரியும்.

அப்போ பயமே வேண்டாமா?

பயப்பட வேண்டிய இடம் வேறு. 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூரியன், ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சகட்ட கொந்தளிப்புக்குப் போகும். அப்போது வரும் சூரியப் புயல் உங்கள் கையில் இருக்கும் போனை ஒன்றும் செய்யாது. நீண்ட மின் கம்பிகளையும் செயற்கைக்கோள்களையும்தான் அடிக்கும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இப்படித்தான் 60 லட்சம் பேருக்கு சுமார் 9 மணி நேரம் கரண்ட் போனது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை வீணாகின. புயலால் சூடான வளிமண்டலம் மேல்நோக்கி விரிந்து, அவற்றைக் கீழே இழுத்துவிட்டது. அது பெரிய புயல்கூட இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

2024 மே மாதப் புயல் நிஜமாகவே பெரியது, இருபது ஆண்டுகளில் காணாத அளவு. லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. அமெரிக்காவில் ஜிபிஎஸ் குழம்பியதால் விதைப்பு நேரத்தில் விவசாயிகளின் டிராக்டர்கள் நின்றன.

இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 ஜனவரி 6 முதல் பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைக் கவனிக்கிறது. பெரிய தூரம் போலத் தெரியும். சூரியனுக்குப் போகும் வழியில் அது நூற்றில் ஒரு பங்குதான். நொடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் புயல் அந்த இடத்தைத் தாண்டினால், பூமிக்கு வர அரை மணி நேரம்தான். சூரியனில் வெடிப்பு கிளம்புவதைப் பார்த்தே ஒன்றிரண்டு நாள் முன்னால் கணிக்கலாம். ஆனால் அந்த மேகத்தின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது, நம்மை எவ்வளவு பலமாகத் தாக்கும் என்பது இந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் உறுதியாகத் தெரியும். மின் கட்டமைப்பை இயக்குபவர்களும் செயற்கைக்கோள் நிறுவனங்களும் அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

நம் பக்கம் அன்றைக்கு மேப் கொஞ்சம் வழி தவறலாம், அவ்வளவுதான். மற்றபடி, தலையணைக்கு அடியில் போனை சார்ஜ் போட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தால் தாராளமாக விட்டுவிடுங்கள். அது பேட்டரி சூடாகிற பிரச்னை, காஸ்மிக் கதிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.