பொழச்சுக்கிட்டார், சரி... எந்திரிச்சாரா?

நம்மூர்ல ஒரு பெரியவர் ஐ.சி.யூ.வுல இருந்து உயிரோட வெளிய வந்துட்டா "பொழச்சுக்கிட்டார்"னு ஒரே வார்த்தைதான். சாமிக்கு வேண்டுதல் முடிஞ்சுது, துபாய்ல இருக்கற மகனுக்குத் தகவல் போச்சு, அவனும் வாட்சப்புல கட்டைவிரல் காட்டிட்டான். கதை சுபம்.

என் கேள்வி ஒண்ணுதான் மக்களே. அவரு தானா எந்திரிச்சு கக்கூஸ் போறாரா?

முகம் சுளிக்கறவங்க அடுத்த பதிவுக்குப் போயிடலாம். மத்தவங்க உக்காருங்க. சிட்னி காட்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டரும் அவரோட குழுவும் 1963லயே இதுக்கு ஒரு பட்டியல் போட்டு வச்சுட்டாங்க. குளிக்கறது, துணி உடுத்தறது, கழிவறை போறது, படுக்கையை விட்டு எந்திரிச்சு நாற்காலிக்கு மாறுறது, மலஜலத்தை அடக்கறது, சாப்பிடறது. இந்த ஆறையும் தானா செய்ய முடியுதாங்கறதுதான் கணக்கு. நம்ம டிஸ்சார்ஜ் சம்மரியில சோடியம் இருக்கும், பொட்டாசியம் இருக்கும், இந்த ஆறுல ஒண்ணு கூட நான் பாத்த வரைக்கும் இருந்ததில்ல. "பேஷன்ட் ஸ்டேபிள்"னு மட்டும் இருக்கும். எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு கோஷ்டி உண்டு. பிங் பண்ணா பதில் வருது, அப்ப சர்வர் நல்லாத்தான் இருக்குன்னு டிக்கெட்டை மூடிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க.

என் பெரியப்பாவுக்கு 74 வயசு, ஆலங்குடி பக்கம். பலாத் தோப்புக்கு சைக்கிள்லயே போய் வந்துட்டு இருந்த மனுஷன். நிமோனியா வந்து திருச்சியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில (பேரு வேணாம்) 11 நாள் கிடந்தாரு, அதுல 6 நாள் வெண்டிலேட்டர். உயிரைக் காப்பாத்திக் கொடுத்தாங்க, அதுக்கு நன்றி. ஆனா உள்ள போறப்பவே அவரோட கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூணையும் கழட்டி ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு பெரியம்மா கையில கொடுத்துட்டாங்க. டியூப் எடுத்த பிறகும் அதைத் திருப்பி யாரும் கேக்கல. அவரு உளற ஆரம்பிச்சதும் "வயசாயிடுச்சுல்ல"ன்னு சொல்லிட்டு கையைக் கட்டிலோட சேத்துக் கட்டிட்டாங்க. கண்ணு தெரியாம, காது கேக்காம, ராவா பகலான்னே புரியாத டியூப் லைட் வெளிச்சத்துல போட்டு வச்சா இருபத்தஞ்சு வயசுக்காரனும்தாங்க உளறுவான்.

இது வெறும் ஆத்திரம்னு நினைக்கறவங்களுக்கு: யேல் பல்கலைக்கழகத்து ஆளுங்களோட ஆய்வு ஒண்ணு 2016ல வந்துச்சு. ஐ.சி.யூ.வுக்குப் போய் வந்து, முன்ன செஞ்ச வேலைகளைச் செய்ய முடியாமப் போன முதியவங்களை 6 மாசம் கவனிச்சாங்க. 52 சதவீதம் பேர் பழைய நிலைக்குத் திரும்பினாங்க. கண்ணும் காதும் ஏற்கனவே மந்தமா இருந்தவங்க மீண்டு வர்றது ரொம்பக் குறைவு. "என்னால முடியும்"ங்கற நம்பிக்கை இருந்தவங்க அதிகமா மீண்டாங்க. காது மிஷினை மாட்டிவிட்டா எல்லாம் சரியாயிடும்னு அந்த ஆய்வு நிரூபிக்கல, ஒத்துக்கறேன். ஆனா கழட்டிக் கவர்ல போடறதுக்கு எந்த ஆய்வு இருக்கு, சொல்லுங்க பாப்போம்?

சதை விஷயம் இன்னும் மோசம். 2013ல லண்டன்ல 63 நோயாளிகளோட தொடைத் தசையை ஸ்கேன்ல அளந்தாங்க. பத்தே நாள்ல சராசரியா 18 சதவீதம்கிட்ட கரைஞ்சு போயிருந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 2009ல, அமெரிக்காவுல 104 வெண்டிலேட்டர் நோயாளிகளை ரெண்டா பிரிச்சுப் பாத்தாங்க. மயக்க மருந்தை நிறுத்தற நேரத்துலயே கைகால் பயிற்சி ஆரம்பிச்ச கூட்டத்துல 59 சதவீதம் பேர் தன் வேலையைத் தானே செய்யற நிலைமையில வீட்டுக்குப் போனாங்க. மத்த கூட்டத்துல 35.

நம்ம டாக்டர் பதிவர்கள் இப்ப 2022ல வந்த ஆஸ்திரேலிய ஆய்வைத் தூக்கிட்டு வருவாங்க. வழக்கத்தைவிட தீவிரமா எழுப்பி நடக்க வச்சதுல கூடுதல் பலன் இல்ல, சில பாதிப்புகள்தான் கூடுச்சுன்னு அதுல வந்தது உண்மை. ஆனா ஐயா, அங்க "வழக்கம்"னாலே தினமும் எழுப்பி உக்கார வைக்கறதும் சேர்ந்ததுதான். நம்ம வழக்கம் என்னன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, ஆஸ்பத்திரியை மட்டும் திட்டினா எப்படி? வீட்டுக்கு வந்ததும் நாம என்ன பண்றோம்? "நீங்க அசையாதீங்கப்பா, ரெஸ்ட் எடுங்க." ஊட்டி விட ஒரு மருமக, தூக்கி உக்கார வைக்க ஒரு மகன், டயப்பர் வாங்க ஒரு பேரன். பாசம்தான். அந்தப் பாசத்துல மிச்சமிருந்த தொடையும் போயிடும். இதுல நம்ம கிராமத்துக் கக்கூஸ் வேற. குத்த வச்சு எந்திரிக்கறதுக்கு எவ்வளவு பலம் வேணும்னு 104 டிகிரி காய்ச்சல் வந்து படுத்து எந்திரிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க. காட்ஸ் பட்டியல் எழுதின ஊர்ல அந்தப் பிரச்சினையே கிடையாது.

அடுத்தது காசு. முதல்வர் காப்பீட்டுல வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம். மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்துல டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாளுக்கு மருந்து, டெஸ்ட் செலவு. யேல்காரங்க 6 மாசம் பாத்துட்டு பாதிப் பேர்தான் தேறினாங்கன்னு சொல்றாங்க, நம்ம கணக்கு 15 நாள்ல முடிஞ்சுடுது. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர்றாங்க. மெய்யாலுமே நல்ல திட்டம், குறை சொல்ல மனசு வரல. ஆனா ஒன்றியத்துக்கு ஒருத்தர்ங்கற கணக்குல ஆரம்பிச்ச திட்டம் அது. அப்போ புதுக்கோட்டை மாவட்டத்துல 13 ஒன்றியம், 497 ஊராட்சி இருந்துச்சு. வகுத்துப் பாருங்க, ஒரு ஆளுக்கு 38 ஊராட்சி! பக்கவாதக்காரங்க, மூட்டுவலிக்காரங்க எல்லாம் போக, ஐ.சி.யூ.வுல இருந்து வந்தவரு வீட்டுப் படியை அவரு எப்ப மிதிப்பாரு? 2017ல நம்ம மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. ஐ.சி.யூ.வுல இருந்து வீட்டுக்குப் போற ஒவ்வொரு முதியவர் விவரத்தையும் அந்தந்த ஒன்றிய பிசியோவுக்குத் தானா அனுப்பற மாதிரி ஒரு சாப்ட்வேர் எழுத எனக்கு ஒரு சனி ஞாயிறு போதும். அந்தப் பக்கம் எடுத்துப் பாக்க ஆள் வேணுமே, அதைத்தான் அரசாங்கம் போடணும்.

பெரியப்பாவுக்குக் கட்டிலைப் பிடிக்காம எந்திரிக்கவே ஏழு மாசம் ஆச்சு. அறந்தாங்கியில இருந்து பஸ் ஏறி வந்து போன ஒரு பிசியோ தம்பி, மொதல் நாளே கவர்ல இருந்த கண்ணாடியையும் காது மிஷினையும் எடுத்து மாட்டிவிட்டுட்டுதான் பேச்சையே ஆரம்பிச்சாரு. ஒரு தடவைக்கு 400 ரூபா. எந்தக் காப்பீடும் அதைக் கொடுக்கல.