டிரைவர் கைது... அப்புறம்?

ஒசூர்லேர்ந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆணி புடுங்கப் போற மக்களுக்கு 'ஹைட்ரா' கிரேனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மஞ்சக் கலர்ல முன்னாடி கைய நீட்டிக்கிட்டு ரோட்டை அடைச்சுட்டுப் போகுமே, அதேதான். சிப்காட், சூளகிரி, பர்கூர்னு புது ஃபேக்டரி எங்க எழும்பினாலும் அது இல்லாம வேலை நடக்காது.

கிரேன் சாய்ஞ்சு ஆள் செத்தா நம்ம பேப்பர்ல வர்ற செய்திய நானே முன்கூட்டி எழுதித் தந்துடுவேன். "கவனக்குறைவு, டிரைவர் கைது." 2020 பிப்ரவரி 19, பூந்தமல்லி பக்கம் 'இந்தியன் 2' செட்டுல 3 பேர் செத்தாங்க. கைதானது ஆபரேட்டர். 2023 ஜனவரி 22, அரக்கோணம் பக்கம் கீழ்வீதியில சாமிக்கு மாலை போட ஆளுங்களை ஏத்தின கிரேன் கவிழ்ந்து 4 பேர். அங்கயும் ஆபரேட்டர்தான்.

ஆபரேட்டர் மேல தப்பே இருக்காதுன்னு சொல்ல வரலை. ஆனா கொஞ்சம் ஃபிசிக்ஸ் பேசுவோம். தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சுத் தூக்குறதும் கைய நீட்டித் தூக்குறதும் ஒண்ணா? கிரேன் மேல 14 டன்னு எழுதியிருந்தா, அது கை ஒட்டி இருக்கும்போது மட்டும்தான். நீட்ட நீட்டக் குறைஞ்சுக்கிட்டே போகும். எவ்வளவு குறையும்னு சொல்றதுக்குத்தான் லோடு சார்ட். எந்த கிரேன் வேணும், எவ்வளவு தூரம் நீட்டணும், நிக்கிற மண்ணு நேத்து தோண்டி மூடினதா... இதையெல்லாம் முடிவு பண்றது ஆபரேட்டரா? ஷிஃப்ட் வாடகைக்கு வண்டியோட வந்தவர் அவர். "முடியாது சார்"னு சொன்னா நாளைக்கு வேற வண்டி வரும், அவ்ளோதான்.

சர்டிஃபிகேட் இருக்கேம்பாங்க. 12 மாசத்துக்கு ஒருதடவை சோதிக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதி வெச்சாங்க. அது மெஷினுக்குத்தான். டயருக்குக் கீழ இருக்கற மண்ணுக்கு யாரு சர்டிஃபிகேட் தர்றது?

சின்ன காண்ட்ராக்டருங்க பண்ற கூத்துன்னும் தள்ளிட முடியாது. 2020 ஆகஸ்ட் 1, விசாகப்பட்டினம். மத்திய அரசோட ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு. கிரேனை சோதிச்சுப் பார்க்கும்போதே விழுந்து 11 பேர் போயிட்டாங்க.

நம்ம பொழப்புல ஒரு வரி கோடை மாத்தணும்னா ரெண்டு பேர் அப்ரூவ் பண்ணணும். பத்து டன் இரும்பு ஆளுங்க தலைக்கு மேல போறதுக்கு ஒரு விசில் போதுமாம். தூக்குறதுக்கு முன்னாடி எடை, தூரம், மண்ணு மூணையும் எழுதி, சைட் இன்ஜினியர் பேர் போட்டுக் கையெழுத்து வைக்கட்டும். விபத்துன்னு வந்தா எஃப்ஐஆர்ல அந்தப் பேர் முதல்ல ஏறட்டும். ஆபரேட்டர் பேரு அதுக்குக் கீழ இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்ல.