கோடை விடுமுறையும் கோர்வைத் தறியும்

ஆண்டுத்தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்து வீடு திரும்பும் மாணவருக்கு முன்னால் ஒரு கோடைக்காலம் முழுவதும் விரிந்து கிடக்கிறது. அந்நாள்களை எவ்வாறு கழிப்பது என்னும் வினாவுக்குப் பெரும்பாலான ஊர்களில் விடை எளிது: தாத்தா வீடு, கிணற்று நீச்சல், மட்டைப்பந்து, கைப்பேசி. காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் அவ்விடை சற்று வேறானது. அங்குப் பல வீடுகளின் கூடத்தில் ஒரு தறி இருக்கிறது. அத்தறியில் இரண்டாவது ஆளுக்கு ஓர் இடமும் இருக்கிறது. பள்ளி நடக்கும் மாதங்களில் தாயோ, பாட்டியோ, கூலிக்கு வந்த ஒருவரோ அமரும் அவ்விடம், கோடையில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது.

அந்த இரண்டாவது இடம் ஏன் வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தால்தான் அவ்வூர்ப் பிள்ளைகளின் விடுமுறையை அறிய முடியும். காஞ்சிப் பட்டுச்சேலையின் தனித்தன்மை கோர்வை எனப்படும் நெசவு முறை. சேலையின் உடல் ஒரு நிறம், இருபுறக் கரை வேறொரு நிறம். இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், அதேவேளையில் பிரியாமல் சேர வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நடுவில் உடலுக்கு ஒன்று; இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் கால்களைக் குழிக்குள் விட்டு அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரால் மூன்றையும் விரைவாக எறிந்து வாங்க இயலாது. ஆகவே, ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிய அவர் அருகில் இன்னொருவர் அமர்கிறார். ஒவ்வோர் ஊடைக்கும் கரையிழையும் உடலிழையும் கொக்கிபோல் கோத்துக்கொள்கின்றன. ஓர் இழை தவறினாலும் அந்த இடம் துணியில் என்றென்றைக்கும் தெரியும். முந்தி தொடங்கும்போது உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலை வருகிறது. அதற்கு வேண்டிய பொறுமை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

இவ்வாறு பாவின் ஓரத்தில் அமர்ந்து நாடா எறியும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தில்தான் எதிர்காலத் தொழிலைப் பற்றிய முதல் எண்ணம் எழுகிறது. அவ்வெண்ணம் பெரும்பாலும் கனவாக எழுவதில்லை, கணக்காக எழுகிறது. ஒரு சேலையை முடிக்கப் பத்து நாள் முதல் இருபது நாள்வரை ஆகும். பூவேலை மிகுந்தால் இன்னும் கூடும். அதற்குக் கிடைக்கும் கூலியை நாள்களாலும், அமர்ந்த இருவராலும் வகுத்துப் பார்க்க உயர்கணிதம் தேவையில்லை. கடைத்தெருவில் அதே சேலைக்குத் தொங்கும் விலைச்சீட்டையும் அப்பிள்ளை பார்த்திருக்கிறது. பட்டு நூல் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகையின் பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. சேலை உலகெங்கும் போகிறது. இவ்வளவு தூரம் பயணம் செய்யும் பொருளில், தறியருகே தங்கிவிடும் பங்கு எவ்வளவு என்பது அந்தச் சிறு வகுத்தல் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

குறைந்துவரும் தறிகள்

இந்தக் கணக்கை ஊர்முழுதும், நாடுமுழுதும் போட்டுப் பார்த்தவர்கள் தறியைவிட்டு எழுந்துவிட்டார்கள். கைத்தறிக் கணக்கெடுப்புகளின்படி, 1995-96இல் இந்தியாவில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டிருந்தோர் ஏறத்தாழ 65 லட்சம் பேர். 2009-10இல் அது 43 லட்சமாகவும், 2019-20இல் 35 லட்சமாகவும் குறைந்தது. கால் நூற்றாண்டில் ஏறக்குறையப் பாதி. இவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இராட்டையில் தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும், கோர்வை நாடாவை எறிவதும் 'உதவி' என்னும் பெயரால் அழைக்கப்பட்டு, தனிக் கூலியின்றியே போவது நெடுங்கால வழக்கம். விடுமுறையில் மகன் தறியில் அமர்ந்தால் தெருவுக்குத் தெரிகிறது. மகள் தார் சுற்றினால் அது வீட்டுவேலையோடு வேலையாகக் கரைந்துவிடுகிறது.

சட்டமும் விடுமுறை என்னும் சொல்லைக் கவனித்திருக்கிறது. 1986இல் இயற்றப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று விதித்தது. ஆயினும், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறை நாள்களிலும் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளைகள் உதவலாம் என விலக்கு ஒன்றையும் வைத்தது. ஆபத்தானவை எனப் பட்டியலிடப்பட்ட தொழில்களில் அந்த உதவியும் கூடாது. உதவி எங்கு முடிகிறது, உழைப்பு எங்குத் தொடங்குகிறது என்பதை வாசற்படிக்கு வெளியே நிற்கும் எந்த அலுவலரும் எளிதில் அளந்துவிட முடியாது. அதை அளக்கக்கூடியவர்கள் அந்த வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே. பிள்ளை தறியிலிருந்து எழுந்து கோவில் திருவிழாவுக்கோ, நூலகத்துக்கோ, தோழர்களோடு விளையாடவோ போக விரும்பும்போது, 'போய் வா' என்று சொல்ல முடிகிற வீட்டில் நடப்பது உதவி. சொல்ல முடியாத வீட்டில் நடப்பது வேறு. வைகாசியில் வரதராசப் பெருமாள் கோவில் கருடசேவைக்கு ஊரே திரளும்போதும், முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட சேலைக்காகத் தறி ஓட வேண்டிய வீடுகள் உண்டு. அதற்குப் பெற்றோரைக் குறைகூறுவது எளிது. கூலியைக் குறைத்துத் தந்தவரைக் கேட்பது கடினம்.

இரண்டு அறிவுரைகள்

தறிவீட்டுப் பிள்ளைக்கு இருவகை அறிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது, 'முன்னோர் கலையைக் கைவிட்டுவிடாதே' என்பது. இதைச் சொல்வோருள் பலர் தறிக்குழியில் ஒருநாளும் கால் வைத்தவரல்லர். மரபைக் காப்பது நல்ல செயல்தான். ஆனால், அதைக் காக்கும் செலவு முழுவதையும் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றின் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே உரியவையாக ஒதுக்கும் சட்டம் 1985 முதல் இருக்கிறது. இவை இருந்தும், விசைத்தறிச் சேலை கைத்தறிப் பட்டென விற்கப்படும்போது ஏமாறுபவர் வாங்குபவர் மட்டும் அல்லர். அசலுக்கு உரிய கூலியை இழக்கும் நெசவாளரும் ஏமாறுகிறார். மரபைப் பற்றிக் கவலைப்படுவோர் முதலில் திரும்ப வேண்டிய திசை கடைவீதி. பிள்ளைகளின் பக்கம் அன்று.

பெற்றோர் தொழிலே பிள்ளைக்கும் என்னும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு ஒருமுறை ஆராய்ந்து, வேண்டாமென்று தள்ளியிருக்கிறது. 1953இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதிநாள் பள்ளியிலும் மீதிநாள் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் எனப் பெயர்பெற்று அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது; 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. கைத்தொழில் கற்பதை அன்று எவரும் இழிவென்று சொல்லவில்லை. இன்ன வீட்டில் பிறந்தவர் இன்ன தொழிலைத்தான் கற்க வேண்டும் என்பதையே மறுத்தனர். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வேறுபாடு நினைவில் இருக்க வேண்டியதே.

இரண்டாவது அறிவுரை இதற்கு நேர் எதிரானது: 'இந்தக் குழியிலிருந்து எப்படியாவது தப்பித்துப் போ.' இதைப் பெரும்பாலும் சொல்பவர் நெசவு செய்யும் தந்தையே. முதுகுவலியும் மங்கிய பார்வையும் அவரை அவ்வாறு சொல்ல வைக்கின்றன. அவர் சொல்லில் பொய் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மகிழுந்துகள் உருவாகின்றன. சீருடை, மாத ஊதியம், நிறுவனப் பேருந்து ஆகியவற்றின் ஈர்ப்பு இயல்பானது. எனினும், திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலையின் கதையும் அதே சாலையில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாக இளம்பெண்கள், பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு அங்கு வேலைக்குச் சேர்ந்தனர். 2014இல் ஆலை மூடப்பட்டது. சேர்ந்தபோது பதினெட்டு வயதானவருக்கு அப்போது இருபத்தாறு. மேற்படிப்புக்கான ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. தறியை விட்டு எழுவது மட்டுமே ஒரு திட்டம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டியதில்லை.

இவ்விரண்டு அறிவுரைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டுமே, தறியருகே அமர்ந்த பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று கேட்பதில்லை. இழைகளை எண்ணுதல், வரிசை மாறாமல் நினைவில் வைத்தல், கட்டத்தாளில் வரைந்த பூவைப் பாவு இழைகளின் ஏற்ற இறக்கமாக மாற்றுதல் ஆகியன கணக்கறிவின் வேலைகள். தறிக்குமேல் தொங்கும் துளையட்டைகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த கருவியில், அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லையெனில் எழாது. உண்டு, இல்லை என்னும் இந்த இரண்டே குறிகளால் எந்தப் பூவையும் நெய்யலாம். இங்கிலாந்தின் சார்லசு பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்குத் துளையட்டையை இத்தறியிடமிருந்தே எடுத்துக்கொண்டார். கணினி அறிவியல் பிரிவில் சேர விரும்பும் காஞ்சிபுரத்து மாணவி தன் வீட்டுக் கூடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால், பாடநூலின் முதல் அதிகாரம் அங்கே தொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். பள்ளி அவளிடம் அதைச் சொல்வதில்லை. மதிப்பெண் பட்டியலிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நேர்கோடாக அமையாத வாழ்வு

பதினாறு வயதில் எடுக்கும் முடிவே வாழ்வின் முடிவு என்னும் அச்சமும் கோடையில்தான் தலைதூக்குகிறது. பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்த சில நாள்களுக்குள் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. உறவினர் ஒருவர் சொன்னதும், தோழி சேர்ந்ததும், மதிப்பெண் இடம் தந்ததும் சேர்ந்து அதை முடிவு செய்துவிடுகின்றன. இந்த அவசரம் தேவைதானா என்று காஞ்சிபுரத்தின் வரலாற்றையே கேட்கலாம். நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் இளைஞன் காஞ்சியின் கடிகைக்குக் கல்வி கற்க வந்தான். இங்கே பல்லவ வீரனோடு நேர்ந்த பூசலில் மனம் கொதித்து, ஓதுவதை விட்டு வாளெடுத்தான். கடம்ப அரசை நிறுவினான். கருநாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு இதைக் கூறுகிறது. வாளெடுப்பது இன்று எவருக்கும் பரிந்துரைக்கத் தக்கதன்று. பாதை மாறுவது பழைய செய்தி என்பதற்கே இது.

இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. வீட்டு வறுமையால் பள்ளிப்படிப்பை விட்டு, ஊர் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். அந்த வயதில் அவரைப் பார்த்தவர், நகராட்சியின் கோப்புகளோடு அவர் வாழ்வு முடியும் என்றே கருதியிருக்கக்கூடும். பின்னர் அவர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து முதுகலைப் பட்டம் பெற்றார். ஆசிரியரானார்; இதழாளரானார்; 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார்; நாடகம் எழுதினார்; 1967இல் முதலமைச்சரானார். இவற்றுள் எது அவர் பதினாறு வயதில் தேர்ந்தெடுத்த தொழில்? எதுவும் இல்லை. ஆனால், தறியை அவர் மறக்கவும் இல்லை. 1953இல் நெசவாளர்கள் வேலையின்றி வாடியபோது கைத்தறித் துணிகளைச் சுமந்து தெருவில் விற்றவர்களுள் அவரும் ஒருவர்.

எனவே, கோடை விடுமுறையைப் பயிற்சி வகுப்புகளால் நிரப்பிவிடும் இன்றைய வழக்கத்தை ஐயத்தோடு பார்க்க வேண்டும். நுழைவுத்தேர்வு வகுப்பு ஒரு கதவைத் திறக்கலாம்; எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று அது சொல்வதில்லை. சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கே பட்டயப்படிப்பை வைத்திருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி சிற்பத்தையும் மரபுக் கட்டடக்கலையையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. கைலாசநாதர் கோவிலின் மணற்கற்களும், அவற்றில் எஞ்சியிருக்கும் பல்லவர் ஓவியத் தடங்களும் தொல்லியல், வேதியியல், சுற்றுலா எனப் பல துறைகளின் வேலையைக் கோரி நிற்கின்றன. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாக இத்தகைய செய்திகள் பள்ளிக்கு வருவது நல்லது. ஆனால் ஒரு சாயப்பட்டறையிலோ, அச்சகத்திலோ, மருத்துவமனையிலோ ஒருநாள் முழுதும் உடனிருந்து பார்ப்பதற்கு எந்த விளக்கக்கூட்டமும் ஈடாகாது. விடுமுறை அதற்குத் தோதான காலம். செலவும் பேருந்துக் கட்டணம் மட்டுமே.

தறியில் அமர விரும்பும் பிள்ளையும் இருக்கலாம். அப்பிள்ளையைத் 'தோற்றவன்' எனப் பார்க்கும் பார்வை தவறு. கோர்வையையும் கணினி வடிவமைப்பையும் விற்பனைக் கணக்கையும் ஒருசேர அறிந்த ஒரு நெசவாளர் தரகரை நம்பியிருக்கத் தேவையில்லை. ஆனால், அவர் மனமுவந்து அமர்ந்தவராக இருக்க வேண்டும். வேறிடம் கிடைக்காமல் அமர்ந்தவராக இருக்கக் கூடாது. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது கூலி. கூட்டுறவுச் சங்கமும் அரசும் சேலை வாங்குவோரும் கூடித் தீர்க்க வேண்டிய வினா அது.

சூன் மாதத்தில் பள்ளி திறக்கிறது. காலை எட்டு மணிக்குச் சீருடையில் மிதிவண்டிகள் தெருவைக் கடக்கின்றன. அவை சென்ற பின்பு, பல வீடுகளில் தறி சற்று நேரம் பேசாமல் இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வரும் தாய், மகள் நேற்றுவரை அமர்ந்திருந்த இடத்தில் அமர்ந்து, கோர்வை நாடாவைக் கையில் எடுக்கிறார்.