கட்டாத கடிகாரத்துக்கு ஓர் ஊழியன்

தானியங்கிக் கைக்கடிகாரம் என்று நாம் வழங்கும் பெயரே பிழையானது. அது தானாக எதனையும் செய்வதில்லை. அணிந்தவர் நடக்கிறார், எழுதுகிறார், சுமை தூக்குகிறார். அந்த அசைவினால் உள்ளேயுள்ள அரைவட்ட உலோக எடை சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. மனித உடலின் அசைவைச் சேமித்து, ஏறக்குறைய 40 மணி நேரம் சிறுகச் சிறுகச் செலவிடும் பொறி அது. எனவே, கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் நின்றுவிடும். நிற்பது அதன் இயல்பேயன்றிக் குறையன்று.

இவ்வியல்பை நோயென்று கூறி, அந்நோய்க்கு மருந்தும் விற்கும் வாணிகம் ஒன்று இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. மின்மோட்டார் பூட்டிய ஒரு பெட்டி. அதற்குள் ஒரு மெத்தை. கடிகாரத்தை அதில் அமர்த்தினால், நாளொன்றுக்கு 650 முதல் 800 தடவை வரை பெட்டி அதனைச் சுழற்றும். பல கடிகாரங்களை ஒருங்கே சுழற்றும் அலுமாரிகளும் உண்டு. எவரும் கட்டாத கடிகாரம், எவரும் பாராத நேரத்தை, இருட்டறைக்குள் பிழையின்றிக் காட்டிக்கொண்டிருக்கிறது!

கடிகாரம் நின்றால் எண்ணெய் உறைந்து பொறி கெட்டுவிடும் என்பது இதற்குக் கூறப்படும் முதல் நியாயம். விலங்குகளிலிருந்து பெற்ற எண்ணெயை இட்ட காலத்தில் இக்கூற்றுக்குப் பொருள் இருந்தது. இன்று இடப்படுபவை செயற்கை எண்ணெய்கள். சில கிழமை அசையாதிருப்பதால் அவை உறைந்துவிடுவதில்லை. ஓயாது ஓடுவதால்தான் பற்சக்கரங்களும் அச்சுகளும் தேய்கின்றன. சுருள்வில் முற்றாக முறுகியதும் வழுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு உள்ளேயே இருப்பதால் மிகைச் சுழற்சி வில்லை அறுப்பதில்லை என்பது உண்மை. ஆயின், கேடு இல்லை என்பது தேவை உண்டு என்பதற்குச் சான்றாகுமா? நெட்டாண்டுகளையும் கணக்கிட்டு நாளும் மாதமும் காட்டும் நிரந்தர நாட்காட்டிக் கடிகாரம் நின்றுவிட்டால், அதனை மீளச் சரிசெய்வது தொல்லைதான். அந்தத் தொல்லை எத்தனை பேருக்கு உரியது என்பதை வாசகர் அறிவர்.

இப்பொறி பிறந்த வரலாற்றைப் பார்ப்போம். சுவிற்சர்லாந்தின் லெ லொக்கிளில் வாழ்ந்த ஆபிரகாம் லூயி பெரலேயின் சட்டைப்பைக் கடிகாரம் கால்மணி நேர நடையில் எட்டு நாளுக்கு வேண்டிய முறுக்கைப் பெறும் என 1777இல் ஜெனீவாக் கலைச் சங்கம் அறிவித்தது. (முதலில் ஆக்கியவர் பெரலேயா, லியேஜ் நகரத்துச் சார்த்தோனா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.) கைக்கடிகாரத்துக்கு இதனைப் பொருத்திக் காட்டியவர் ஆங்கிலேயரான ஜோன் ஹார்வூட். கடிகாரங்களைப் பழுது பார்க்கும் தொழில் செய்தவர் அவர். சாவி கொடுக்கும் திருகின் வழியே தூசும் ஈரமும் புகுவதைக் கண்டு, அத்திருகையே நீக்கிய கடிகாரத்தை ஆக்கி, 1924இல் சுவிற்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். சேற்றிலும் மழையிலும் உழல்பவன் கையில் ஓடவேண்டும் என்பதற்காகப் பிறந்தது இந்தப் பொறி. இன்று அது பட்டு மெத்தையில் கிடந்து சுழல்கிறது.

கடிகாரம் உழைப்பவனுக்கு எளிதில் கிட்டிய பொருளுமன்று. ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைச் சிறுவன் ஒருவனின் கதையாக 1850இல் வெளிவந்த நூல், முதலாளிமார் ஆலை மணிக்கூட்டைக் காலையில் முன்னும் இரவில் பின்னும் தள்ளிவைத்ததையும், தம்மிடம் கடிகாரம் வைத்திருக்கத் தொழிலாளர் அஞ்சியதையும் கூறுகிறது. ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டினார். நேரம் இன்னதென்று அறிவதே அன்று ஒரு வர்க்கத்துக்கு மறுக்கப்பட்டது. இன்று வேறொரு வர்க்கத்தின் கைவசம், கட்டுவதற்குக் கை போதாத அளவு கடிகாரங்கள்!

‘அது நேரம் பார்ப்பதற்கன்று, கலைப்பொருள்; ஓடும்போதே அதன் அழகு’ என்பர் இரசிகர். கலை கலைக்காகவே என்ற பழைய பாட்டின் புதிய மெட்டு இது. படிக்காத நூல்களுக்குத் தங்க எழுத்தில் கட்டம் கட்டி அடுக்குவோரை இலக்கிய உலகில் நாம் காணவில்லையா? பெட்டிக்குள் சுழலும் கடிகாரத்தின் அழகை உரிமையாளரும் பார்ப்பதில்லை. அழகைப் போற்றுவோர் அதனை ஆக்கிய கைகளையேனும் எண்ணுகிறார்களா? கடிகாரத் தொழிலின் நுண்ணிய வேலைப் பிரிவினையை மார்க்ஸ் ‘மூலதன’த்தில் விரிவாக ஆராய்ந்தார், லா ஷோ தெ ஃபோன் நகரம் முழுவதையுமே ஒரே கடிகாரத் தொழிற்சாலையாகக் கண்டார். 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. 1970 அளவில் சுவிற்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் இருந்தோர் ஏறத்தாழ 90,000 பேர்; 1980களின் நடுவில் எஞ்சியோர் 30,000 பேருக்குச் சற்று மேல். கைவினையின் பெயரால் விலை ஏற்றப்பட்டது அதன் பின்னர்தான். கைவினைஞர் குறையக் குறையக் கைவினைக்கு மதிப்புக் கூடிற்று எனின், அம்மதிப்பு எவருடைய பைக்குச் சென்றது?

தானியங்கிக் கடிகாரம் ஒன்றை வைத்திருக்கும் ஆசிரியரோ மாணவரோ இந்தப் பெட்டிக்காகக் காசு செலவிட வேண்டியதில்லை. நின்றுபோனால் திருகை இருபது முப்பது தடவை மெல்லத் திருப்பி, நேரத்தைச் சரிசெய்து, கையில் கட்டிக்கொள்ளலாம். இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை முள் காட்டும்போது மட்டும் திகதியை மாற்ற முயலாதிருப்பது நன்று. பல கடிகாரங்களில் திகதிச் சக்கரம் அவ்வேளையில்தான் பற்றியிருக்கும்.