யார் யாரை ‘ப்ரவோக்’ செய்தார்கள்?

சென்ற மாதம் மாணவத் தோழர்கள் சிலர் ஒரு கள ஆய்வு அறிக்கையின் வரைவை எங்களிடம் கொண்டுவந்தார்கள். உழைப்பில் குறையே இல்லை. ஒரு வரியில் மட்டும் நின்றுவிட்டோம்: “சேரி மக்களின் ஊர்வலம் ஆதிக்கச் சாதியினரை ‘ப்ரவோக்’ செய்தது.” எங்கிருந்து வந்தது இந்த வரி என்று கேட்டோம். காவல்துறைக் குறிப்பில் அப்படித்தான் இருந்ததாம்.

லத்தீன் வேரில் அந்தச் சொல்லுக்கு ‘முன்வரும்படி அழைப்பது’ என்று பொருள். பழைய ரோமில், அதிகாரி விதித்த தண்டனையை எதிர்த்து மக்களிடம் முறையிடும் குடிமக்களின் உரிமைக்கே ‘ப்ரொவோகாத்தியோ’ என்று பெயர். நல்ல கட்டுரையைச் சிந்தனையைத் தூண்டுவது என்று பாராட்டும்போதும் இதே சொல்தான். நம் மக்கள் தெருவில் இறங்கினால் மட்டும் அது ‘ஆத்திரமூட்டல்’ ஆகிவிடுகிறது. வாக்கியத்தைப் பாருங்கள்: நடந்து போனவர்கள் எழுவாய், கல்லெறிந்தவர்கள், பாவம், செயப்படுபொருள்!

சட்டம்கூட இவ்வளவு தாராளம் காட்டவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 153, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா 192 இரண்டின்படியும், கலவரத்துக்குத் தூண்டியதாகச் சொல்ல அந்தச் செயலே சட்டவிரோதமாக இருக்க வேண்டும். பொதுச் சாலையில் செருப்புப் போட்டு நடப்பது எந்தச் சட்டத்துக்கு விரோதம்?

மகாட்டை நினைத்துப் பாருங்கள். பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறப்பதாக 1924இல் முடிவெடுத்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணலும் தோழர்களும் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், அவ்வளவுதான். அடுத்து கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று புரளி கிளம்பியது, அடி விழுந்தது. சில மாதங்களில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வர 1937 ஆனது.

1927 டிசம்பர் 25இல் மகாட்டில் மனுஸ்மிருதியை எரித்தார்கள். அது சீண்டல்தான், தெரிந்தே செய்தது. அதற்கு ‘ப்ரவோக்’ என்ற சொல்லை நாமே தைரியமாகப் பயன்படுத்தலாம், வெட்கமில்லை. தண்ணீர் குடித்ததற்கு அந்தச் சொல்லை ஒட்டவிடக் கூடாது. இரண்டையும் குழப்பும் அறிக்கை, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வேலையை நாமே செய்துகொடுத்ததாகிவிடும்.

தோழர்கள் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினார்கள்: “ஊர்வலம் பொதுச் சாலையில் சென்றது. ஆதிக்கச் சாதியினர் கல்லெறிந்தார்கள்.”