நிலமில்லாதவருக்கு நீராவது உண்டா?

தோழர்களே, 'கயாக்' என்னும் சிறு துடுப்புப் படகில் தனியாளாகப் போய்த் தூண்டில் போடும் வெளிநாட்டுக் காணொளிகளை நம் மாணவர்களும் பார்க்கிறார்கள். தவறில்லை. ஒருமுறை பென்னாகரம் பக்கம் நாகமரை, ஒட்டனூர் கரைக்கும் போய்வாருங்கள். அங்கே பரிசலில் மீன் பிடிப்பது பொழுதுபோக்கு அல்ல, அன்றாடச் சோறு.

அங்கே தேங்கி நிற்பது மேட்டூர் அணையின் தண்ணீர். 1934இல் கட்டி முடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கம். 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. மேட்டூர் என்றதும் சேலத்தையும் டெல்டாவையும் பேசுகிறோம். அதன் ஒரு கரை தர்மபுரி மாவட்டம் என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை.

பழைய பரிசல் மூங்கிலைப் பின்னித் தோல் போர்த்திச் செய்தது. இப்போது தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளும் தாரும். ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. செத்த மாட்டை இழுத்துப்போய்த் தோலுரிக்கும் வேலையைச் சாதி யார் தலையில் கட்டியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றைக் கடக்கும்போது அந்தத் தோல் யாருக்கும் தீட்டாகத் தெரியவில்லை. ஊர்க் கிணற்றில் நாம் வாளி விட்டால் மட்டும்தான் தீட்டு!

சாயங்காலம் வலை கட்டிவிட்டு வந்து, விடியலில் போய் எடுப்பார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, ஆரால் எனக் கிடைப்பது கிடைக்கும். அணை நிரம்பினால் மீன் பரந்துவிடும், வலையில் விழுவது குறையும். காற்று எழும்பினால் பரிசல் கரைக்குத் திரும்புவதே பாடு. வலை வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், அவர் சொன்ன விலைக்கே மீனைப் போட வேண்டியிருக்கும்.

இத்தனை கஷ்டம் இருந்தும் இதை நாம் ஏன் கேட்க வேண்டும்? மீன் வளர்க்கக் குளம் வெட்ட நிலம் வேண்டும். பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்து நிற்கும் நமக்கு நிலம் எங்கே? பட்டா இல்லாமல் பிழைக்க இடமுள்ள நீர் இந்த நீர்த்தேக்கம்தான். அது பொதுச் சொத்து. ஆனால் அதில் வலை போட மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும்.

2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பயனாளிகளுக்கான பிரிவில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீத மானியம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மீதி 40 சதவீதத்தைக் கூலிக்காரக் குடும்பம் எங்கே புரட்டும்? உரிமமும் சங்க உறுப்பினர் அட்டையும் இல்லாதவருக்கு மானியம் எந்தக் கதவைத் திறக்கும்?

1927இல் அம்பேத்கர் மகாடில் குளத்து நீரை அள்ளிக் குடித்தது குடிநீர் உரிமைக்காக மட்டும் என்று சுருக்கிவிடக் கூடாது. பொது நீர் எவருடையது என்பதே அங்கே கேள்வி. அதே கேள்வியை நாம் இங்கே உரிமப் பதிவேட்டிடம் கேட்கிறோம்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. நீர்த்தேக்கத்தில் தர்மபுரி மாவட்டத்தாருக்கு எத்தனை உரிமம், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர். கூட்டுறவுச் சங்கங்களில் பட்டியல் சாதி உறுப்பினர் எத்தனை பேர். 60 சதவீத மானியம் இதுவரை யாருக்குப் போனது? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.